வரப்பை மதியாத களை: வங்கத்துக் குடியானவர்களும் ஆகாயத்தாமரையும்

1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரிக்கப்படாத வங்காள மாகாணத்தில் சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றது. காங்கிரஸ், முஸ்லிம் லீக், ஏ. கே. ஃபஸ்லுல் ஹக் அவர்களின் கிருஷக் பிரஜா கட்சி எனக் கொள்கையால் ஒன்றோடொன்று மோதிய கட்சிகள் ஒரு வாக்குறுதியில் மட்டும் ஒத்துநின்றன. ஆட்சிக்கு வந்தால் ஆகாயத்தாமரையை ஒழிப்போம் என்பதே அது.

குளத்தில் மிதக்கும் ஒரு செடி தேர்தல் அறிக்கையில் ஏறியது இன்று நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அன்று டாக்கா, ஃபரீத்பூர், பாக்கர்கஞ்ச், மைமன்சிங் மாவட்டங்களில் நெல்லும் சணலும் பயிரிட்டு வாழ்ந்த குடியானவனுக்கு அது வேடிக்கையாக இல்லை. அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களுக்கு அடுத்தபடியாக நமசூத்திரர் முதலிய இந்து உழவர்கள். இரு சாராரின் வயலையும் அந்தச் செடி ஒரே விதமாக மூடியது.

நம் ஊர்களில் ஆகாயத்தாமரை என்றும் வெங்காயத்தாமரை என்றும் வழங்கும் இச்செடியை வங்காளிகள் கொச்சுரிப்பானா என்பர். இதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் நிலப்பகுதி. இளநீல இதழ்களும் நடுவே மஞ்சள் பொட்டும் கொண்ட இதன் பூ கண்ணைப் பறிக்கக்கூடியது. அந்த அழகே இதற்குக் கப்பல் சீட்டாக அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பூங்காக்களுக்கும் செல்வர் வீட்டுத் தடாகங்களுக்கும் அலங்காரச் செடியாக இது உலகெங்கும் கொண்டுசெல்லப்பட்டது. வங்கத்துக்கும் அவ்வாறே வந்தது. யார் முதலில் கொண்டுவந்தார் என்பதற்குப் பல கதைகள் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் மக்கள் இதனை ‘ஜெர்மன் பானா’ என்றே அழைத்தனர். பகைவன் வேண்டுமென்றே விதைத்துவிட்டான் என்ற வதந்தி அப்பெயருக்குள் ஒளிந்திருந்தது. வந்த தீங்குக்கு ஒரு பகைவனின் முகத்தைக் கற்பித்துக்கொள்வது எக்காலத்துக்கும் பொதுவான பழக்கம் போலும்.

இச்செடி பரவும் விதத்தைச் சற்று விரித்துரைத்தால்தான் பின்வரும் வரலாறு விளங்கும். தாய்ச்செடியிலிருந்து ஒரு தண்டு நீர்மட்டத்தில் நீண்டு, அதன் நுனியில் சேய்ச்செடி தோன்றும். தண்டு அறுந்தால் அது தனிச்செடியாகி மிதந்து செல்லும். வெப்பமும் சத்தும் நிறைந்த நீரில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இது இரட்டிப்பாகிவிடும். இந்தக் கணக்கில் ஒரு செடி ஐந்து மாதத்துக்குள் ஆயிரம் செடியாகும். இதற்கு மேல் விதைகளும் உண்டு. சேற்றில் புதைந்த விதை பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடந்து, நீர் வற்றிச் சேறு வெளிப்படும் கோடையில் முளைக்கும். ஆகவே ஒரு முறை அள்ளியெறிந்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இனி கிழக்கு வங்கத்தின் நிலத்தை எண்ணிப் பாருங்கள். கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய மூன்று பேராறுகள் கூடிக் கடலைச் சேரும் தாழ்நிலம் அது. மழைக்காலத்தில் வயலும் வாய்க்காலும் ஏரியும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். ‘பீல்’ எனப்படும் ஆழமற்ற ஏரிகளில் வெள்ளம் ஏற ஏறத் தானும் உயர்ந்து வளரும் நெல்வகையை அங்கே பயிரிட்டனர். அந்நீரில் காற்றடிக்கும் திசையெல்லாம் ஆகாயத்தாமரைத் திட்டுகள் நகர்ந்து, இளம்பயிரின் மேல் ஏறி அமுக்கிவிடும். வெள்ளம் வடிந்தால் அவை அப்படியே வயலில் படிந்து கிடக்கும். அவற்றை அகற்றாமல் அடுத்த உழவைத் தொடங்க முடியாது. சணலை ஊறப்போடும் நீர்நிலைகள் மூடின. படகே வண்டியாகவும் சாலையாகவும் இருந்த நாட்டில் படகுப் போக்குவரத்துத் தடைப்பட்டது. ஒளு செய்யப் படித்துறையில் இறங்குபவர் முதலில் செடியை விலக்கி நீரைத் தேட வேண்டியதாயிற்று. சணல் வாணிகத்தின் மையமான நாராயண்கஞ்ச் நகரத்து வணிகர் சங்கம் 1914ஆம் ஆண்டிலேயே அரசிடம் முறையிட்டது. 1920ஆம் ஆண்டையொட்டி மாகாணத்தின் பெரும்பாலான நீர்வழிகளில் இச்செடி புகுந்துவிட்டது.

அரசு முதலில் இதனைப் பணமாக்க முடியுமா என்று பார்த்தது. போரினால் ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய பொட்டாஷ் உரம் நின்றுபோயிருந்த காலம் அது. ஆகாயத்தாமரையின் சாம்பலில் பொட்டாஷ் மிகுதி. டாக்கா வேளாண் துறையைச் சேர்ந்த ஃபின்லோ, மக்லீன் என்னும் இருவர் இதன் உர மதிப்பை ஆராய்ந்து 1917இல் வெளியிட்டனர். ஜெர்மானியன் விதைத்தான் என்று பழிக்கப்பட்ட செடி, ஜெர்மன் உரத்துக்கே மாற்றாகக் கருதப்பட்டது ஒரு விந்தை. ஆயினும் இச்செடியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெறும் நீர். அள்ளுவதும் உலர்த்துவதும் சுமப்பதும் பெருஞ்செலவு. போர் முடிந்து பொட்டாஷ் மீண்டும் வரத் தொடங்கியதும் அந்த ஆர்வமும் தணிந்தது.

1921இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. தாவரங்களின் உணர்வை ஆராய்ந்து உலகப் புகழ்பெற்ற ஜகதீஸ் சந்திர போஸ் அதற்குத் தலைமையேற்றார். நஞ்சு தெளித்துச் செடியைக் கொல்லும் முறை அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆர்செனிக் கலந்த மருந்தைத் தெளித்து, அதைத் தின்ற கால்நடைகள் மடிந்த பின் கைவிட்டிருந்தனர். குடிப்பதும் குளிப்பதும் மீன் பிடிப்பதும் ஒரே நீரில் நடக்கும் வங்கத்தில் அதன் விளைவு என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழுக்கள் கூடின, அறிக்கைகள் வந்தன, செடி வளர்ந்துகொண்டே இருந்தது.

வங்கத்து நீர் ஏன் இச்செடிக்கு இவ்வளவு வசதியான படுக்கையாயிற்று என்ற கேள்வி அந்த அறிக்கைகளில் போதிய இடம் பெறவில்லை என்பது என் கருத்து. ஆறுகள் தடையின்றி ஓடிய இடங்களில் செடி கடலுக்கு அடித்துச் செல்லப்படும். உப்பு நீரில் அது பிழைக்காது. ஆனால் ரயில் பாதைக்காகவும் சாலைக்காகவும் எழுப்பப்பட்ட கரைகள், நீர் ஓடும் திசைக்குக் குறுக்கே நெடுஞ்சுவர்களாக நின்றன. போதிய மதகுகள் இல்லை. ஓடிய நீர் தேங்கிற்று. மாகாணப் பொதுச் சுகாதார இயக்குநராயிருந்த சி. ஏ. பென்ட்லி, இக்கரைகள் வெள்ள நீரின் இயல்பான வழியை அடைத்ததே மலேரியா பெருகவும் விளைச்சல் குன்றவும் காரணம் என்று 1925இல் நூலாகவே எழுதினார். கொசுவுக்கு உகந்த தேக்கம் ஆகாயத்தாமரைக்கும் உகந்ததே. கரையை எழுப்பியவர்கள் அரசும் ரயில் நிறுவனங்களும். அதன் பயனாய் வந்த செடியை அள்ள வேண்டியவன் குடியானவன்.

இந்த நிலையில்தான் 1936ஆம் ஆண்டின் வங்காள ஆகாயத்தாமரைச் சட்டம் வந்தது. வீட்டைச் சுற்றிலும் வயலிலும் இச்செடியை வைத்திருப்பதை அச்சட்டம் தடைசெய்தது. அரசு நடத்தும் அகற்றும் பணியில் பங்கேற்பதைக் குடிமக்களின் கடமையாக்கியது.

அச்சட்டத்தின் அடிப்படை நியாயமானது என்றே சொல்ல வேண்டும். ஒருவர் தம் நிலத்தில் என்ன செய்தாலும் அது அவர் பாடு என்ற வாதம் ஆகாயத்தாமரையிடம் செல்லாது. மேல் வயல்காரர் மாதக்கணக்கில் முதுகொடிய அள்ளித் தூய்மை செய்திருப்பார். பக்கத்து நிலத்துக்காரர் சும்மா இருந்தால், அடுத்த வெள்ளத்தில் அந்தச் செடியெல்லாம் இவர் வயலுக்கே வந்து சேரும். வரப்பு நீருக்கடியில் இருக்கிறது. செடி நீர்மேல் செல்கிறது. வெள்ளம் வருமுன் வயலைச் சுற்றி மூங்கில் வேலி கட்டித் தடுப்பவரும் உண்டு. ஆனால் மூங்கிலுக்குக் காசு வேண்டும். பெருங்காற்றில் அவ்வேலி நிற்கவும் வேண்டும். பிறருக்குத் தீங்கு விளைக்கும்படி தன் சொத்தைப் பயன்படுத்தலாகாது என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் நெடுங்காலமாகப் பேசிவரும் விதி. சும்மா கிடக்கும் நிலமும் அண்டை வீட்டாருக்குத் தீங்காகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

சட்டத்தின் நடைமுறைதான் சிக்கலாயிற்று. 1793இன் நிரந்தர நிலவரித் திட்டத்தின் கீழ் வங்கத்து நிலம் ஜமீன்தாரிடம் இருந்தது. அவருக்குக் கீழே இடைக்குத்தகைதாரர்கள் பல படிகளில் இருந்தனர், கடைசியில் உழுபவன். பல ஏரிகளின் மீன்பிடி உரிமை ஒருவரிடம், கரை நிலம் இன்னொருவரிடம், அதைச் சூழ்ந்த வயல்கள் நூறு பேரிடம். ஜமீன்தார்களுள் பலர் கல்கத்தாவில் வசித்தவர்கள். தம் ஏரியில் என்ன மிதக்கிறதென்று பார்க்க வராதவர்கள். இடுப்பளவு நீரில் நின்று அள்ள வேண்டியவன், அந்த ஏரியில் ஒரு மீனுக்கும் உரிமையில்லாத குடியானவனாகவே இருந்தான். கூலிக்குச் சென்றால் அன்றைய அரிசி கிடைக்கும் மனிதனுக்கு, ஊர்ப்பணி என்று ஒரு நாளை எடுத்துக்கொள்வது ஒரு நாள் பட்டினியை விதிப்பதாகும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயத்தவராகிய நமக்கு இந்த இடம் உறுத்தாமல் போகாது.

பிறகு எப்படி அது தேர்தல் வாக்குறுதியாயிற்று? 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வாக்குரிமையை விரிவுபடுத்தியது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்ற நிலை அப்போதும் இல்லை. ஆயினும் சிறு தொகை வரி கட்டும் குடியானவர் லட்சக்கணக்கில் முதன்முறையாக வாக்குச்சாவடிக்கு வந்தனர். அதுவரை கல்கத்தா மாளிகைகளில் பேசப்படாத கடன், குத்தகை, களை ஆகியவை ஒரே ஆண்டில் அரசியலாயின. பாக்கர்கஞ்ச் மாவட்டத்தில் 1873இல் பிறந்த ஃபஸ்லுல் ஹக் இந்த மாற்றத்தை மற்ற எவரையும் விட முன்னதாக உணர்ந்தவர். பின்னாளில் 1940இன் லாகூர் தீர்மானத்தை முன்மொழிந்தவராகவே நம்மில் பலர் அவரை அறிவோம். வங்கத்துக் கிராமங்களில் அவர் பெயர் நின்றது ‘பருப்பும் சோறும் அனைவருக்கும்’ என்ற முழக்கத்தால். அத்தேர்தலில் பட்டுவாகாளித் தொகுதியில், டாக்கா நவாப் குடும்பத்தைச் சேர்ந்த க்வாஜா நாஸிமுத்தீனை அவர் தோற்கடித்தார். நிலவுடைமைக் குடும்பத்தவரைக் குடியானவர் தலைவர் வென்ற அச்செய்தி மாகாணமெங்கும் பேசப்பட்டது. பின்னர் அதே முஸ்லிம் லீக்குடன் கூட்டணி அமைத்து முதலமைச்சரானார். அரசியல் அவ்வளவுதான், அதை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

ஹக் அமைச்சரவை ஆகாயத்தாமரையை உண்மையாகவே கையில் எடுத்துக்கொண்டது. மாவட்ட மாஜிஸ்திரேட்டுகளின் பொறுப்பில் தன்னார்வப் படைகள் திரட்டப்பட்டன. 1939இல் ‘ஆகாயத்தாமரை வாரம்’ என ஒரு வாரம் குறிக்கப்பட்டு, ஊர்தோறும் அகற்றும் பணி நடந்தது.

அந்த வாரத்தை வெறும் விழா என்று ஒதுக்கிவிடத் தோன்றும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால் இச்செடியின் இயல்பை வைத்துப் பார்க்கும்போது, ஒரே வாரத்தில் எல்லோரும் அள்ளுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஒருவர் தை மாதத்திலும் மற்றவர் வைகாசியிலும் அள்ளினால் இருவர் உழைப்பும் வீண். மழைக்கு முன்பு ஏரிகள் சுருங்கியிருக்கும். செடி ஓரிடத்தில் ஒதுங்கி நெருங்கிக் கிடக்கும். வெள்ளம் இன்னும் அதைச் சுமந்து செல்லத் தொடங்கியிருக்காது. அள்ளியதைக் கரையோரத்திலேயே விட்டால் முதல் மழையில் மீண்டும் நீருக்குள் போய்விடும். ஆகவே மேட்டில் குவித்து மக்கவிட வேண்டும், அல்லது உலர்த்தி எரிக்க வேண்டும். சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்து, சேற்றில் முளைத்த கன்றுகளையும் கிழங்குத்தண்டுத் துண்டுகளையும் பொறுக்க வேண்டும். முதல் நாள் ஆரவாரத்துக்குக் கூட்டம் சேரும். இந்த இரண்டாம் வருகைக்கு யார் வருவார்கள் என்பதில்தான் இத்தகைய இயக்கங்கள் பலவும் தோற்றிருக்கின்றன.

வங்கத்தில் அது முழுவதும் தோற்கவில்லை. 1947ஐ நெருங்கும்போது களை பெருமளவு கட்டுக்குள் வந்துவிட்டதென்றும், அடுத்த பத்தாண்டில் பல ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் படகுகள் மீண்டும் ஓடினவென்றும் வங்க வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. இப்பெருமையை முழுவதும் சட்டத்துக்குக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இடையில் உலகப் போரும் 1943இன் பெரும் பஞ்சமும் வந்தன. அரசு அலுவலர்களின் கவனம் வேறெங்கோ சென்றது. களையை அள்ள வைத்தவற்றுள் எரு என்ற தேவையே பெரிதாயிருந்திருக்கும் என்று கருதுகிறேன். மக்கிய ஆகாயத்தாமரை நல்ல எரு என்பதைக் குடியானவர்கள் கண்டுகொண்டனர். அபராதத்துக்கு அஞ்சி அள்ளுபவன் அதிகாரி போனதும் நிறுத்திவிடுவான். தன் வயலுக்கு எரு வேண்டும் என்பவன் ஒவ்வோர் ஆண்டும் அள்ளுவான்.

நம்மவர்க்கும் இவ்வரலாறு முற்றிலும் அயலானதன்று. நம் பாட்டனார்கள் பலர் கடை வைத்து வாழ்ந்த பர்மாவில், வங்கத்துக்கு முன்னதாக 1917ஆம் ஆண்டிலேயே இச்செடிக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1919இல் வந்த வேளாண் பூச்சி, நோய்கள் சட்டம், தீங்கான களைகளையும் தன் வரம்புக்குள் கொண்டது. அறிவிப்பு வந்தும் நிலத்தை வைத்திருப்பவர் அகற்றாவிட்டால் அரசே அகற்றிச் செலவை அவரிடம் வசூலிக்கும் என்பதே அத்தகைய சட்டங்களின் முறை. இன்று ஏரிக்கரையிலும் கால்வாயோரத்திலும் மனை வாங்கிப் போட்டுவிட்டு வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பணியாற்றும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். வேலி போட்டாயிற்று, பட்டா பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியில் ஆண்டுகள் ஓடிவிடும். அந்த மனையின் தாழ்ந்த மூலையில் தேங்கிய நீரில் ஆகாயத்தாமரை பூத்து, மழையில் வழிந்து ஏரிக்குப் போய்க்கொண்டிருக்கும். கல்கத்தாவிலிருந்த ஜமீன்தாரை நாம் எளிதாகக் குறை சொல்கிறோம்.

அப்படி ஒரு மனை வைத்திருப்பவர் கோடை முடியுமுன், பூ விடுவதற்கு முன்பாக ஆள் வைத்து வேரோடு அள்ளச் சொல்லலாம். எண்ணெய் மருந்தோ களைக்கொல்லியோ நீர்நிலையருகே வேண்டாம்; செத்த செடி அங்கேயே அழுகினால் நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மிதக்கும். அக்கம்பக்கத்து மனைக்காரர்களிடம் பேசி ஒரே வாரத்தில் செய்வதே பயன் தரும். அது முடியாதவர், தம் எல்லையில் நீர் நுழையும் இடத்தில் மூங்கில் தட்டியோ வலையோ கட்டிவைத்தால், வரும் செடி ஓரிடத்தில் ஒதுங்கும், அள்ளுவது எளிதாகும். வீட்டுத் தொட்டியில் அழகுக்காக வளர்ப்பவர், மிஞ்சியதைச் சாக்கடையில் விடாதிருந்தாலே பெரிய உதவி.

வங்கக் கதை இன்னும் ஒரு திருப்பம் காண்கிறது. இன்றைய வங்கதேசத்தின் கோபால்கஞ்ச், பாரிசால், பிரோஜ்பூர் மாவட்டங்களில் ஆண்டில் பல மாதங்கள் நிலம் நீரில் மூழ்கியே கிடக்கும். அங்குள்ள உழவர்கள் ஆகாயத்தாமரையை அடுக்கடுக்காகப் பரப்பி, மூங்கிலால் மிதித்து இறுக்கி, நீண்ட மிதவைப் பாத்திகளாக்குகின்றனர். மேலடுக்கு மக்கியதும் அதில் கீரை, வெண்டை, பூசணி, மஞ்சள் ஆகியவற்றை நடுகின்றனர். வெள்ளம் உயர்ந்தால் தோட்டமும் உயர்கிறது. பருவம் முடிந்ததும் பாத்தியைக் கலைத்து நிலத்துக்கு எருவாக இடுகின்றனர். இம்முறையை 2015இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் மரபுரிமைகளுள் ஒன்றாக அங்கீகரித்தது. ஃபஸ்லுல் ஹக் பிறந்த அதே தென்வங்கத்தில், அவர் ஒழிப்பதாக வாக்களித்த அதே செடியைப் பாத்தி கட்டும் பருவத்தில் படகுப் படகாக விலை கொடுத்து வாங்குகிறார்கள்.